கறுவாவுக்கு ஓர் அனுமதிச் சீட்டு

சுகோல் நகரக் கந்தோரில்
படிவத்தைத் திருப்பித் தந்தாள் லடீனா.
"நாய் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள்.
என்ன இனம்?"

தாய்வழி டாக்ஸ்ஹுண்ட்.
தகப்பன் யாரென்று
கூர் நகரக் காப்பகத்துக்கே தெரியாதாம்.

சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.
பிறகு விதிகளை வாசித்தாள்,
வாய்ப்பாடு ஒப்புவிக்கும் பிள்ளையைப்போல:
கயிறில்லாமல் காட்டுக்குள் விடக்கூடாது.
மானைத் துரத்த விடக்கூடாது.
அடிபட்டதன் இரத்தத்தடம் தேடுவதென்றால்
அதற்குத் தேர்வில் தேறிய நாய் வேண்டும்,
உங்களுடையது தேறவில்லை.
துணைக்கு வரலாம்.
குரைத்தால் அது உங்கள் பாடு.

"கரடி வந்தால்?" என்றேன்.
கண்ணாடியைக் கழற்றினாள்.
"கரடிக்கு இந்தப் படிவத்தில் கட்டமே இல்லை."

*

நான் மஞ்சள் தபால் பஸ் ஓட்டுபவள்.
என் கடைசித் தரிப்பிடத்தில்
துரியின் வீடு.
யோகமலரை யோகா என்று சுருக்கியவன்,
ஆறு மாதம் என்னை
உடற்பயிற்சி ஆசிரியை என்று நினைத்திருந்தவன்.
வேட்டைத் தேர்வில் நான் தேறிய அன்று
தன் பழைய தொலைநோக்கியைத் தந்தான்.
அதே தேர்வில் இரண்டு முறை தவறியவன் அவன்.

செப்டம்பர். விடிய முன், நாலரை.
செம்மானுக்காக ஏறினோம்.
துரியிடம் ஒரு துவக்கு, என்னிடம் ஒன்று,
கறுவாவிடம் கழுத்துப்பட்டியும்
வரி கட்டிய பித்தளை வில்லையும்.
அது கிணுகிணுக்காதிருக்க
கிழிந்த காலுறையைச் சுற்றியிருந்தேன்.
பையில் பாணும் இடிச்ச சம்பலும்.

லார்ச் மரங்கள் இன்னும் மஞ்சளாகவில்லை.
எட்டு மான்களின் தடம். பிறகு ஆறு.
பிறகு எல்லாமே ஓரிடத்தில் திரும்பி
சேறு தெறிக்க ஓடியிருந்தன.

கறுவா நின்றாள்.
முதுகு மயிர் அறுத்த வயல்போல் குத்திட்டு நிற்க,
ஓசையின்றி என் முழங்காலில் சாய்ந்தாள்.
ஏழு கிலோ நடுக்கம்.

ஓடைக்கு அப்பால், கரடி.
முதுகைக் காட்டியபடி
நாவல் நிறக் காட்டுப்பழத்தை
இலையோடு, காம்போடு,
பந்திக்குப் பிந்தி வந்தவர் மாதிரித்
தின்றுகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அது எண்கு.
புற்றுக் கிண்டும், இருப்பைப்பூத் தின்னும் என்று
சோதனைக்காகப் பாடமாக்கினோம்.
பார்த்தது கிடையாது.
இங்கே அதற்கு ஓர் எண்.
துரியின் பாட்டனாருடைய தகப்பன் காலத்தில்
கொன்றவனுக்குக் காசு கொடுத்தார்களாம்.
இப்போது கல்லெறிந்தாலே கேள்வி வரும்.
கரடி அதேதான், கடதாசிதான் மாறியது.
இதுவோ கடதாசியே இல்லாமல்
இத்தாலிப் பக்கத்துக் கணவாயால்
இரவில் வந்தது.

வந்த வருடம் எனக்கும் ஓர் எண் இருந்தது.
அதைச் சொல்லிக் கூப்பிட்டால்
எழும்பி நின்றிருக்கிறேன்.

துவக்கைத் தொடவில்லை.
தொட்டால் குற்றம், அதனால் மட்டும்தானா
என்று துரி பிறகு கேட்டான்.
தெரியாது என்றேன்.
அந்த நேரம் கை முழுக்கக் கயிறு.
சட்டம் தந்த இரண்டு மீட்டரை
இரண்டு சாணாகச் சுற்றிப் பிடித்திருந்தேன்.

காற்று மாறியது.
கரடி தலை தூக்கி
மூக்கை எங்கள் பக்கம் நீட்டி
கனநேரம் யோசித்தது.
"உன் சம்பல்," என்றான் துரி, உதட்டால் மட்டும்.
சிரிப்பு வந்தது, பயமும் வந்தது,
இரண்டும் ஒரே தொண்டையில்.

அது ஒரு கல்லைப் புரட்டி அடியில் பார்த்தது.
ஒன்றும் இல்லை போலும்.
மேலே ஏறிப் போய்விட்டது.

*

மான் இல்லாமல் இறங்கினோம்.
வனவிலங்குக் காவலர் கூர்டின்
அறிக்கை எழுதினார்: இடம், நேரம்,
காற்றின் திசை.

"நாய் குரைத்ததா?"
இல்லை.
"கயிற்றில் இருந்ததா?"
உள்ளங்கையை விரித்தேன்.
இரண்டு சிவப்புக் கோடுகள்.

கொஞ்ச நேரம் பார்த்தார்.
கட்டத்தில் 'ஆம்' என்று மட்டும் எழுதினார்.

மேசைக்குக் கீழே கறுவா
மிச்சப் பாணைத் தின்றாள்,
சம்பல் பட்ட பக்கத்தை விட்டுவிட்டு.